பிளாஸ்மா ஸ்பிரே கோட்டிங் உரியாமல் இருக்க: ஜாபின் சூட்டைக் கையாளும் முறை

மின்வில்லில் சூடேறிய வாயுத் தாரையில் பவுடரை உருக்கி, ஜாபின் (வேலைக்கு எடுத்த உறுப்பின்) மேல் தெளித்து ஏற்றுவதே பிளாஸ்மா ஸ்பிரே கோட்டிங். அது உரிந்து வந்தால் பெரும்பாலான ஷாப்புகளில் முதலில் சந்தேகப்படுவது தெளிக்கும் கன்னைத்தான். ஆம்பியரைக் கூட்டுவார்கள், ஹைட்ரஜனை ஏற்றுவார்கள், பவுடரை மாற்றுவார்கள். பல சமயம் கோளாறு கன்னில் இருக்காது. உருகிய துளி வந்து விழுந்த நேரத்தில் அந்தப் பரப்பு எவ்வளவு சூடாக, எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதில்தான் இருக்கும். துளி பரப்போடு ஒட்டுவதா வேண்டாமா என்பது பத்து மைக்ரோநொடிக்குள் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு எதைச் செய்தும் அதை மாற்ற முடியாது.

பொதுவாகப் பேசினால் எண்கள் கைக்கு வராது. அதனால் ஒரு ஜாபை எடுத்துக்கொள்வோம். பம்பு ஷாப்ட் ஸ்லீவ், இஎன் 8 (நடுத்தரக் கார்பன்) ஸ்டீல், முடிந்த வெளிவிட்டம் 80 மி.மீ., உள்விட்டம் 60, நீளம் 150. லேத்தில் 79.4 மி.மீ.க்கு இறக்கி, அதன்மேல் 100 மைக்ரான் நிக்கல்-5 சதவீத அலுமினியம் பாண்டு கோட் (செராமிக்கைப் பிடித்து நிறுத்தும் அடிப்பூச்சு), அதற்கும் மேல் 280 மைக்ரான் அலுமினா-13 சதவீத டைட்டானியா செராமிக். கிரைண்டிங் முடிந்தபின் செராமிக் 200 மைக்ரான் நிற்கும்.

துளி விழும்போது நடப்பது

40 மைக்ரான் அலுமினாத் துளி ஒன்று ஏறத்தாழ 2050 டிகிரிக்கு மேலான சூட்டில், நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. ஒன்று, இரண்டு மைக்ரோநொடியில் அது தன் விட்டத்தைப்போல் நான்கைந்து மடங்கு விரிந்து, 1 முதல் 1.5 மைக்ரான் கனமுள்ள தட்டாகிறது. அடுத்த சில மைக்ரோநொடிகளில் உறைந்துவிடுகிறது. அடுத்த துளி விழுவது ஏற்கெனவே உறைந்த தட்டின் மேல்தான். கோட்டிங் முழுவதும் இப்படித் தனித்தனியாக உறைந்த தட்டுகளின் அடுக்கு.

துளி கொண்டுவரும் ஆற்றலில் வேகத்தின் பங்கு மிகச் சிறியது. நொடிக்கு 200 மீட்டர் என்றால் கிலோவுக்கு 20 கிலோஜூல். அதே துளி உருகிய நிலையிலிருந்து 150 டிகிரிக்கு இறங்கும்போது விடும் வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 3500 கிலோஜூல். நூற்றில் ஒரு பங்குகூட வேகத்தில் இல்லை. எரிபொருளை ஆக்சிஜனில் எரித்து அதிவேகத்தில் தெளிக்கும் ஹெச்விஓஎஃப் முறையில் 600 மீட்டர் வேகத்தில் வரும் டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட்டின் கணக்கு வேறு. அங்கே மோதலே ஒட்டவைக்கும் வேலையில் பெரும் பங்கு எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்மா செராமிக்கில் ஒட்டுதலைத் தருவது வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்பதே.

அந்த வெப்பம் போக வேண்டிய ஒரே வழி, தட்டின் அடிப்பகுதி பரப்பைத் தொடும் இடம். தொடுதல் நன்றாக இருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1 கோடி வாட் முதல் 10 கோடி வாட் வரை கடக்கும். தட்டுக்கு அடியில் ஆவியோ காற்றோ தடித்த ஆக்சைடோ மாட்டிக்கொண்டால் இது 10 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிடும். நன்றாகத் தொட்டிருக்கும்போது வெப்பத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது தட்டின் சொந்தக் கனமும் கடத்துதிறனும். தொடுதல் கெட்டால் இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: தட்டு மெதுவாக உறைகிறது, உறைவதற்குள் விளிம்பு கிழிந்து சிதறுகிறது.

நல்ல கோட்டிங்கில்கூடத் தட்டுகள் முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. ஆய்வாளர்கள் ஓமோரியும் லியும் அலுமினா கோட்டிங்கின் இடுக்குகளுக்குள் தாமிரத்தை மின்முலாம் முறையில் ஊடுருவவிட்டுப் பார்த்தபோது, அடுக்குகளுக்கு இடையே உண்மையாகத் தொட்டிருந்த பரப்பு அதிகபட்சம் 32 சதவீதமே. ஜாபின் சூட்டைச் சரியாக வைப்பதால் கிடைக்கும் ஆதாயம், இந்தப் பங்கை மேலே தள்ளுவதுதான்.

மாறுநிலை வெப்பநிலை, அதை உங்கள் ஷாப்பிலேயே பார்க்கும் முறை

பளபளப்பாக்கிய பரப்பு குளிர்ந்திருந்தால் துளிகள் பூப்போலக் கிழிந்து சிதறுகின்றன. பரப்பைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சட்டென்று வட்டத் தட்டுகளாக மாறுகின்றன. பாதித் துளிகள் வட்டமாக விழத் தொடங்கும் அந்த வெப்பநிலையை ஜப்பானின் தோயோஹாஷி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மசாஹிரோ ஃபுகுமோதோ 'மாறுநிலை வெப்பநிலை' என்று வரையறுத்தார். பவுடரையும் பரப்பையும் பொறுத்து இது 100 டிகிரியிலிருந்து 350 டிகிரி வரை மாறும். பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரமும் பிற ஆவியாகும் பொருள்களும் விலகுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவை இருக்கும்போது துளி விழுந்தால் அடியில் திடீரென ஆவி அழுத்தம் எழுந்து தட்டைத் தூக்கிவிடும்.

இதை நேரில் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். 25-க்கு 25 மி.மீ., 3 மி.மீ. கனமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டுகள் நான்கை 1 மைக்ரான் வைரப் பசை வரை பாலிஷ் செய்து, அசிட்டோனில் கழுவிக்கொள்ளுங்கள். ஹாட் பிளேட்டில் வைத்து, ஒன்றை அறைச் சூட்டிலும் மற்றவற்றை 100, 200, 300 டிகிரியிலும் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கன்னுக்கும் துண்டுக்கும் நடுவே 2 மி.மீ. துளையிட்ட தகடு ஒன்றை வைத்து, பவுடர் ஃபீடை நிமிடத்துக்கு 5 கிராமுக்குக் குறைத்து, கன்னை நொடிக்கு அரை மீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஒரே தடவை கடத்துங்கள். தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ண முடியும்.

பிறகு 200 மடங்கு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். குளிர்ந்த துண்டில் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் ஒட்டியிருக்கும். அதைச் சுற்றி வெறும் உலோகம் ஒரு வளையமாகத் தெரியும். அதற்கும் வெளியே கீற்றுக் கீற்றாகத் தெறித்த விரல்கள். 200, 300 டிகிரித் துண்டுகளில் விளிம்பு மழுங்காத வட்டங்கள், அவற்றுக்குள் மெல்லிய வலை போன்ற விரிசல். இந்த விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். தட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது, சுருங்க முயன்று முடியாமல் வெடித்திருக்கிறது என்பதன் அடையாளம் அது. ஒவ்வொரு துண்டிலும் 50 தட்டுகளை எண்ணி, வட்டமானவை எத்தனை என்று குறித்துக்கொண்டால் உங்கள் பவுடருக்கும் உங்கள் கன்னுக்கும் உரிய எண் கையில் வந்துவிடும்.

கிரிட் துகள்களை வீசியடித்து (பிளாஸ்டிங்) கரடாக்கிய பரப்பில் இந்த வட்டங்கள் தெரியாது. மேடுபள்ளத்தில் தட்டுகள் மடங்கி விழும். ஆனால் ஈரத்தின் கெடுதலும் சூட்டின் நன்மையும் அங்கும் அப்படியேதான்.

பரப்பைத் தயாரித்தல்

எண்ணெயை முதலில் போக்க வேண்டும். பிளாஸ்டிங் எண்ணெயை அகற்றாது, ஸ்டீலுக்குள் அடித்து ஏற்றிவிடும். கழுவிய பிறகு 24 மெஷ் பிரௌன் அலுமினா கிரிட், 4 முதல் 5 பார், 100 முதல் 150 மி.மீ. தூரம், 75 முதல் 90 டிகிரி கோணம். ரஃப்னஸ் 5 முதல் 7 மைக்ரான் போதும். ஒரே இடத்தில் நின்று அடித்துக்கொண்டே இருந்தால் ரஃப்னஸ் அதிகமாகாது, கிரிட் துகள்கள் ஸ்டீலில் பதியும். பதிந்த ஒவ்வொரு துகளும் வெப்பம் கடக்க ஒரு தடை, விரிசல் தொடங்க ஒரு இடம். முனைகளை 0.5 முதல் 1 மி.மீ. ரேடியஸ் எடுத்துவிடுங்கள். கூர்மையான முனை இருந்தால் கோட்டிங் அங்கிருந்துதான் எழும்பும்.

பிளாஸ்டிங் முடிந்து ஸ்பிரே தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்த இரண்டு மணி நேரமும் அதிகம். அரை மணிக்குள் சக்கில் ஏற்றிவிடுங்கள். ஜாபின் சூடு காற்றின் பனிநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்த ஸ்டீல் வெளிக்காற்றில் வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரப்படலமே போதும்.

முன்சூடு

இந்த ஸ்லீவுக்கு 120 டிகிரி முன்சூடு வைக்கிறோம். பாலிஷ் துண்டில் 200 டிகிரியில் நல்ல வட்டம் வந்ததே, ஏன் 200 வைக்கவில்லை என்று கேட்கலாம். பிளாஸ்டிங் செய்த கார்பன் ஸ்டீல் வெறுமையாகக் காற்றில் நிற்கிறது; சூடு ஏற ஏற ஆக்சைடு தடிக்கும். 220 டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் நிறம் வரும், 300 டிகிரியில் நீலம். நீலம் வந்த பரப்பில் ஸ்பிரே செய்யாதீர்கள். மறுபடி பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள். 120 டிகிரியில் ஈரம் போய்விடுகிறது, ஆக்சைடு இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது. மேலும் முதலில் விழப்போவது நிக்கல்-அலுமினியம். அது கொஞ்சம் குறைந்த சூட்டையும் பொறுத்துப்போகும், செராமிக் பொறுக்காது. பாண்டு கோட் ஏறிய பிறகு சூட்டை உயர்த்திக்கொள்ளலாம்.

எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை எழுதிப் பார்த்துவிடலாம். ஸ்லீவின் எடை ஏறத்தாழ 2.6 கிலோ, ஒரு டிகிரி ஏற்ற 1.25 கிலோஜூல். 30-லிருந்து 120-க்கு ஏற்ற 112 கிலோஜூல். பவுடர் இல்லாமல் பிளாஸ்மா ஜெட் மட்டும் ஜாபுக்குள் 3 கிலோவாட் இறக்கினால் 40 நொடி. அதாவது ஐந்தாறு பாஸ் (கன் ஜாபின் நீளத்தை ஒருமுறை கடப்பது ஒரு பாஸ்). கன்னை 150 மி.மீ. தள்ளி வைத்து, ஜாபைச் சுழற்றி, சீரான வேகத்தில் ஓட்டுங்கள்.

இங்கே ஏமாறுவது எளிது. ஜெட் பட்டதும் தோல் 120 காட்டும், உடம்பு 70-இல் இருக்கும். கன்னை விலக்கி, சுழற்சியை நிறுத்தாமல் 30 நொடி விட்டு மறுபடி அளந்து பாருங்கள். 15 டிகிரிக்கு மேல் இறங்கியிருந்தால் இன்னும் இரண்டு பாஸ் வேண்டும். கனமான ரோல்களுக்கு இண்டக்‌ஷன் அல்லது ஓவன் நல்லது. ஆக்ஸி-அசிட்டிலீன் டார்ச்சால் சூடாக்குபவர்கள் முதல் சில நொடிகளில் குளிர்ந்த ஸ்டீலில் மூடுபனிபோல் ஒரு படலம் பரவுவதைப் பார்த்திருப்பார்கள். சுவாலையில் உண்டாகும் நீராவி அது. அது முழுக்க மறைந்த பிறகும் 100 டிகிரியைத் தாண்டும்வரை சூடாக்க வேண்டும். சுவாலை நியூட்ரலாக இருக்கட்டும். கார்பன் கூடினால் கரி படியும்.

ஜாபின் உலோகத்தைப் பார்த்து எல்லையை மாற்றிக்கொள்ளுங்கள். வயதேற்றி வலுப்படுத்திய அலுமினியத்தை 120 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். கார்புரைஸ் செய்து 150-180 டிகிரியில் டெம்பர் செய்த ஸ்டீலை அந்த டெம்பர் சூட்டுக்குக் கீழேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடினம் இறங்கும்.

ஸ்பிரே செய்யும்போது

பாண்டு கோட்டுக்கு 120 முதல் 140 மி.மீ. தூரம், செராமிக்குக்கு 100 மி.மீ. சாதாரண 40 கிலோவாட் வகைக் கன்னில் 500 ஆம்பியர், 65 முதல் 70 வோல்ட், ஆர்கானோடு ஹைட்ரஜன் கலவை. பவுடர் நிமிடத்துக்கு 35 கிராம். இவை தொடங்கும் எண்களே. உங்கள் நாசிலும் பவுடரும் மாறினால் இவையும் மாறும்.

ஸ்லீவை 240 ஆர்பிஎம்மில் சுழற்றினால் பரப்பு வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு வைத்தால் கன் நொடிக்கு 20 மி.மீ. போகும், ஒரு பாஸ் ஏழரை நொடி. பவுடரில் பாதி ஒட்டினால் பாஸுக்கு 16, 17 மைக்ரான் ஏறும். 280 மைக்ரானுக்கு 17 பாஸ். பாஸுக்கு 25 மைக்ரானுக்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். செராமிக்கின் கடத்துதிறன் குறைவு. தடித்த பாஸின் வெப்பம் கீழே இறங்குவதற்குள் மேல்தோல் மட்டும் சூடேறி, பிறகு சுருங்கும்போது வெடிக்கும்.

இந்த 17 பாஸில் ஒட்டிய பவுடர் மட்டும் இறக்கும் வெப்பம் ஏறத்தாழ 130 கிலோஜூல். வெப்பம் வெளியே போகாவிட்டால் ஸ்லீவ் 100 டிகிரி ஏறும். பிளாஸ்மா ஜெட் இறக்குவது இதைவிட இரண்டு, மூன்று மடங்கு. ஆகவே ஜாபைச் சூடாக்குவதில் முதல் குற்றவாளி துளி அல்ல, அதைச் சுமந்து வரும் வாயு. தூரத்தை 100-லிருந்து 80 மி.மீ.க்குக் குறைத்தால் துளியின் சூடு கொஞ்சம்தான் மாறும். ஜெட் தரும் வெப்பமோ கணிசமாக எகிறும். ஜாப் சூடேறுகிறது என்று பவுடர் ஃபீடைக் குறைப்பது அதனால்தான் தவறான வைத்தியம்: அதே கனத்துக்கு இன்னும் அதிக நேரம் ஜெட்டின் கீழே நிற்க வேண்டியதாகிவிடும்.

குளிர்விக்க இரண்டு ஏர் ஜெட், 4 முதல் 6 பார், எண்ணெயும் ஈரமும் வடித்த காற்று. ஸ்பிரே விழும் புள்ளிக்கு இருபுறமும் 40 மி.மீ. தள்ளி ஜாபைப் பார்த்து வையுங்கள். புள்ளியிலேயே படும்படி வைத்தால் பிளாஸ்மாத் தாரை வளையும், சிறிய துகள்கள் வழி தவறும். ஏர் ஜெட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒட்டாமல் மிதக்கும் தூசியை அடுத்த பாஸ் வருவதற்குள் துடைப்பது. அந்தத் தூசி கோட்டிங்கில் மாட்டினால் அங்கே தொடுதலே இருக்காது.

பாண்டு கோட் ஏறும்போது 120 முதல் 160, செராமிக் ஏறும்போது 140 முதல் 180. எந்த எண்ணில் நிற்கிறோம் என்பதைவிட, தொடங்கிய எண்ணிலிருந்து 20 டிகிரிக்கு மேல் விலகாமல் நிற்பது முக்கியம். ஸ்டீல் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் விரியும். இந்தச் செராமிக் ஏறத்தாழ 7. ஜாப் 80-இல் தொடங்கி 250-இல் முடிந்தால், முதலில் விழுந்த அடுக்குகளைக் கீழிருந்து ஸ்டீல் இழுத்துக்கொண்டே போகிறது, அவை கிழியும். கடைசி அடுக்குகளோ 250-இல் விழுந்தவை. ஜாப் குளிரும்போது ஸ்டீல் அதிகமாகச் சுருங்கி அவற்றை நெருக்கும், முனைகளில் எழும்பும். ஒரே ஜாபில் இரண்டு கெடுதலும் சேர்ந்து வருவது இப்படித்தான். 180-ஐத் தொட்டால் பவுடரை நிறுத்தி, கன்னை விலக்கி, ஏர் ஜெட்டை மட்டும் ஓடவிடுங்கள். 140-க்குக் கீழே விடாதீர்கள்.

சூட்டை அளப்பது

8 முதல் 14 மைக்ரான் அலைநீள இன்ஃப்ராரெட் பைரோமீட்டர் போதும். ஆனால் எமிசிவிட்டியை (பரப்பு வெப்பத்தை எந்த அளவு கதிராக வெளிவிடுகிறது என்ற எண்ணை) அடுக்குக்கு அடுக்கு மாற்ற வேண்டும். செராமிக்குக்கு 0.85 வைக்கலாம். பளபளப்பான ஸ்டீல் 0.2, 0.3 அளவில்தான் இருக்கும். பிளாஸ்டிங் செய்தது அதைவிடக் கூடுதல். 0.85-இலேயே விட்டுவிட்டு வெறும் ஸ்டீலை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆபரேட்டர் இன்னும் சூடாக்குவார், ஸ்டீல் நீலமாகும். நம்பகமான வழி: ஸ்லீவின் உள்பக்கம் கே வகைத் தெர்மோகப்பிள் ஒன்றைப் பதித்து, ஒருமுறை ஒப்பிட்டு எமிசிவிட்டியைத் திருத்திக்கொள்வது. பைரோமீட்டர் கன்னுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஜாபைப் பார்க்கட்டும். வெப்பம் காட்டும் கிரேயானைக் கோட்டிங் ஏறும் இடத்தில் தேய்க்காதீர்கள், மெழுகு ஒட்டும். முனைக்கு வெளியே தேய்த்துப் பாருங்கள்.

உரிந்ததைப் படிப்பது

உரிந்த துண்டைத் தூக்கி எறியாமல் திருப்பிப் பாருங்கள். பாண்டு கோட்டோடு சேர்ந்து ஓடுபோல் வந்து, ஸ்டீல் பளிச்சென்று தெரிந்தால் ஈரம், எண்ணெய் அல்லது போதாத முன்சூடு. ஸ்டீலில் நிறம் ஏறியிருந்தால் அதிக முன்சூடு அல்லது பிளாஸ்டிங்குக்குப் பின் நீண்ட காத்திருப்பு. பாண்டு கோட் ஜாபிலேயே நின்று செராமிக் மட்டும் வந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே ஜாப் ஆறியிருக்கிறது. பாண்டு கோட் முடித்து உணவு இடைவேளை விட்டுவிட்டு வந்து செராமிக் தொடங்கும் ஷாப்புகளில் இது அடிக்கடி வரும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மறுபடி 140-க்கு ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

செராமிக்குக்கு நடுவிலேயே பிளந்து இரு முகமும் ஒரே நிறமாக இருந்தால், எந்தப் பாஸுக்குப் பிறகு நிறுத்தினீர்கள் என்று பாருங்கள், அல்லது தூசி. முனைகளில் மட்டும் எழும்பினால் ரேடியஸ் இல்லை, அல்லது முடிவில் ஜாப் மிகச் சூடாக இருந்தது. கன் ஜாபின் முனையிலேயே திரும்பியிருந்தாலும் இது வரும். இரு பக்கமும் 30 மி.மீ. வெளியே போய்த் திரும்பட்டும். பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் அளவில் வறண்ட ஏரிமண் வெடிப்புப்போல் விரிந்திருந்தால் தடித்த பாஸ் அல்லது ஏறிக்கொண்டே போன சூடு. கிராஸ் செக்‌ஷனில் வட்டமான உருகாத துகள்கள் நிறைய இருந்தால் மட்டும் கன்னுக்குப் போங்கள்: துகள் பெரிது, பவர் போதவில்லை, அல்லது பவுடர் தாரையின் நடுவில் நுழையவில்லை. தோல் மட்டும் உருகி உள்ளே திடமாக வந்த துகளால் விரிய முடியாது. விரியாததற்குத் தொடும் பரப்பும் இல்லை.

முன்சூட்டை மாற்றிப் பார்க்க விரும்பினால் ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து துண்டுகளாவது ஏஎஸ்டிஎம் சி633 இழுவைச் சோதனைக்கு (கோட்டிங்கைப் பசையால் ஒட்டி இழுத்துப் பிரித்துப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். ஒரே ஒரு துண்டின் எண்ணை நம்பி முறையை மாற்றாதீர்கள். பசை உடைந்ததா கோட்டிங் உடைந்ததா என்பதையும் ஒவ்வொன்றிலும் எழுதி வாங்குங்கள்.

ஆறவிடுதலும் கிரைண்டிங்கும்

கடைசிப் பாஸ் முடிந்ததும் ஏர் ஜெட்டை நிறுத்துங்கள். ஜாப் சுழன்றுகொண்டே தானாக 60 டிகிரிக்கு இறங்கட்டும். அதன்பிறகு சக்கிலிருந்து எடுக்கலாம். சூட்டோடு சிமென்ட் தரையில் வைத்தால் தொட்ட பக்கம் முதலில் சுருங்கும்.

கிரைண்டிங்கில் மறுபடி வெப்பம் உள்ளே வருகிறது, இம்முறை செராமிக்கின் மேல்தோலில் மட்டும். வைரச் சக்கரம், நிறையக் கூலன்ட், பாஸுக்கு 10 மைக்ரானுக்கு மேல் வெட்டாமல் இருப்பது, மழுங்கிய சக்கரத்தை உடனே டிரஸ் செய்வது (தீட்டிக் கூராக்குவது) ஆகியவை வேண்டும். மழுங்கிய சக்கரம் வெட்டாமல் தேய்க்கும். தேய்த்த இடத்தில் செராமிக் சூடேறி, கூலன்ட் பட்டதும் வெடிக்கும். ஸ்பிரேயில் குறையில்லாமல் வந்த ஸ்லீவில் கிரைண்டிங்குக்குப் பிறகு மெல்லிய விரிசல்கள் வரிசையாகத் தெரிந்தால் காரணம் இதுவே. கோட்டிங்கைச் சுரண்டிவிட்டு மறுபடி ஸ்பிரே செய்வதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள்.